ஒரு நிமிச டீச்சர்

வாயில் எள் ஊறாது என்று சிலரைச் சொல்வார்கள். ஊர்ச் சங்கதிகளை ஒரு பொழுதுகூட உள்ளே வைத்திருக்க முடியாதவர்களுக்கான பேச்சு அது. எங்கள் பள்ளிக்கூடத்து மனைப்பொருளியல் டீச்சரையும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு அதில் ஒரு திருத்தம் உண்டு. யாருடைய கலியாணம் குழம்பியது, எவருக்கு இடமாற்றம் வந்தது என்பதையெல்லாம் அவர் ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டுவிடுவார். எங்கேயாவது ஒரு நல்ல வரியைப் படித்துவிட்டால்தான் வந்தது வினை. அதை யாருக்காவது சொல்லும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

நான் கணிதம் படிப்பிக்கிறவன். என் வகுப்பு அவருடைய வகுப்புக்குப் பக்கத்தில் இருந்ததால், அந்த வரிகளுக்கெல்லாம் முதல் பலி நான்தான். கரும்பலகையில் சமன்பாட்டைப் பாதி எழுதியிருப்பேன். வாசலில் ஒரு தலை தெரியும்.

"சேர், ஒரு நிமிசம். ஒரே ஒரு நிமிசம்."

பிள்ளைகள் பேனையை மூடி வைத்துவிடுவார்கள். டீச்சரின் ஒரு நிமிடம் மணியடித்தால்தான் முடியும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு நிமிச டீச்சர் என்று அவருக்குப் பெயர் விழுந்தது அப்படித்தான். பெயரை வைத்தது பிள்ளைகள் என்று அதிபர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். வைத்தவன் நான்.

ஒருமுறை மட்டக்களப்புப் பட்டணத்தில் இருந்து வந்த பஸ்ஸில் கொண்டக்டருக்கே ஒரு கவிதையை வாசித்துவிட்டார். கொண்டக்டர் கம்பியைப் பிடித்தபடி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு வந்ததில், இறங்க வேண்டிய ஒரு மனிதரை அடுத்த ஊரில் கொண்டுபோய் இறக்கினார்கள். மனிதர் ஏசிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. டீச்சருக்குப் பாவமாகப் போய்விட்டது. தானும் அங்கேயே இறங்கி, அந்த வெயிலில் அவரோடு திரும்பி நடந்து வந்தார். சும்மா வந்திருக்கலாம். வழி நெடுக அதே கவிதையை அவருக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அந்த மனிதர் டீச்சரின் ஸ்கூட்டரைக் கண்டாலே வீதியின் மறுபக்கத்துக்குப் போய்விடுவார்.

இன்னொரு நாள், கல்வி அலுவலகத்தில் இருந்து வருகிறவர்களுக்காகச் செயன்முறைப் பாடத்தில் வட்டிலப்பம் அவித்தார்கள். பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு டீச்சர் போனைத் திறந்திருக்கிறார். ஏதோ கண்ணில் பட்டுவிட்டது. ஓடி வந்தது என் வகுப்புக்கு. பானையில் தண்ணீர் வற்றி, அடிப்பிடித்த மணம் பள்ளிக்கூடம் முழுக்க வந்தபோதுதான் அவருக்கு அடுப்பு ஞாபகம் வந்தது. வந்த அதிகாரி நல்ல மனிதர். ஒரு கரண்டி வாயில் வைத்து, புகைமணம் புதுமாதிரி இருக்கிறது, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். டீச்சர் செய்முறையைச் சொல்லியிருக்கலாம். கவிதையைச் சொன்னார்.

இவரோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. போகப் போக, ஒரு நாள் முழுக்க வாசலில் அந்தத் தலை தெரியாவிட்டால் எனக்குக் கணக்கே பிழையாக வந்தது. போன வருடம் வாழைச்சேனைப் பக்கம் இடமாற்றமாகிப் போய்விட்டார். இப்போது என் வகுப்பில் சமன்பாடுகள் நேரத்துக்கு முடிகின்றன. அது எனக்குப் பிடிக்கவில்லை.

டீச்சர் எங்களோடு இருந்த காலத்தில், பலஸ்தீனக் கவிஞர் எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. டீச்சர் தலையில் ஹெல்மெட்டோடே ஆசிரியர் அறைக்குள் ஓடி வந்தார்.

"சேர், ஒரு நிமிசம்!"

"ஹெல்மெட்டக் கழட்டிப்போட்டுச் சொல்லுங்களன் டீச்சர்."

"கழட்டுற நேரத்துக்குள்ள சொல்லிப்போடலாம்."

பலஸ்தீனக் கவிஞர் ஒருவரின் கவிதை, பொது நூலகத்தில் ஒரு பழைய சஞ்சிகையில் தமிழில் இருந்ததாம். போனில் படமெடுத்து வந்திருந்தார். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ஒரு மனிதர். போன ஊர்களில் எல்லாம் இருந்துகொண்டு வீட்டைப் பற்றியே எழுதியவர். டீச்சர் வாசித்தார். குரல் குடத்துக்குள் இருந்து வருவதுபோல் வந்தது. எனக்குக் கவிதை அவ்வளவாக விளங்காது. ஆனாலும் அன்று நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"இண்டைக்கு எட்டாம் வகுப்புக்கு எனக்கு என்ன பாடம் தெரியுமா சேர்? வீட்டின் அறைகளும் தளபாட ஒழுங்கும். வீடு சேர்! வீடு! நீங்களும் வாங்க."

எனக்கு அந்த நேரம் பாடம் இல்லை. இருந்திருந்தாலும் விட்டிருக்கமாட்டார்.

வகுப்பில் நுழைந்ததும் முதல் கேள்வி, பலஸ்தீனம் எங்கே இருக்கிறது என்பது. பின்வரிசை வாங்கில் இருந்து ஒருவன் எழும்பினான்.

"போனில இருக்கு டீச்சர். கட்டடம் விழும். சனம் ஓடும்."

"அங்க கவிதை எழுதுற ஆக்களும் இருக்காங்க, தெரியுமா?"

"வீடெல்லாம் விழுந்து போச்சே டீச்சர்," என்றாள் முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி. "பிறகு என்னத்தப் பத்தி எழுதுற?"

டீச்சர் துள்ளினார். உண்மையாகவே துள்ளினார், நான் பார்த்தேன். "அந்தக் கேள்விக்குத்தான் புள்ள இதில பதில் இருக்கு!"

வாசித்தார். பிள்ளைகள் அசையவில்லை. இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்கள். மூன்றாவது முறை வாசித்தபோது பாதிப் பேர் கூடவே சொன்னார்கள். எட்டாம் வகுப்பு ஒன்று தானாகக் கேட்டு ஒன்றை மூன்று தரம் படித்ததை என் சேவைக்காலத்தில் நான் கண்டதில்லை. தளபாட ஒழுங்கு அப்படியே கிடந்தது. நாளைக்கு எல்லோரும் உங்கள் வீட்டைப் பற்றிக் கவிதை எழுதிவர வேண்டும் என்றார். மணியடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

அடுத்த நாள் பெண்பிள்ளைகள் தாள் தாளாகக் கொண்டு வந்தார்கள். கிணற்றடி, குசினிப் புகை, பூனை, புதிதாகப் பதித்த தரை ஓடு, மழைக்கு ஒழுகுகிற மூலை. ஆண்பிள்ளைகளின் தாள்களில் ஒன்றுமில்லை. ஒருவன் கிரிக்கெட் மட்டை வரைந்திருந்தான். டீச்சருக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தாலும் நிற்காது. அன்று கொஞ்சம் நின்றது.

"ஏன்டா மகன் வெறும் தாளா கொண்டு வந்த?" என்று பின்வாங்குக்காரனைக் கேட்டார். முதல் நாள் 'போனில இருக்கு' என்று சொன்ன அதே பையன்தான்.

"எனக்கு வீடில்ல டீச்சர்."

"அப்ப நீ ரோட்டுலயா படுக்கிற?"

"இல்ல டீச்சர். அது தங்கச்சிட வீடு."

மற்றப் பையன்களும் தலையாட்டினார்கள். ஓம் டீச்சர், எங்கள் வீடு அக்காவுடையது. எங்களுடையது இரண்டு தங்கச்சிமாருக்கும்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. தமிழரிலும் அப்படித்தான், முஸ்லிம்களிலும் அப்படித்தான். பெண் பிறந்தால் தகப்பனுக்கு அத்திவாரக் கவலை பிறக்கும். ஆண் வளர்ந்து, அக்கா தங்கச்சிமாரின் வீட்டுக்குக் கல்லும் மண்ணும் சுமந்து, கட்டி முடித்துக் கொடுத்துவிட்டு, தான் கட்டினவளின் வீட்டுக்குப் போவான். வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் இதைப் பெருமையாகத்தான் சொல்வோம். பெருமைதான், சந்தேகமில்லை. நானும் அப்படி வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் பிறந்து, இந்தப் பக்கம் வந்தவன். டீச்சரோ பிறந்த நாளில் இருந்து தன் வீட்டிலேயே இருப்பவர். உங்கள் வீடு என்று சொன்னால் பாதி வகுப்புக்கு அது பொருந்தாது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தெரிந்திருந்தது. ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பின்வாங்குப் பையன் இன்னும் உட்காரவில்லை. "டீச்சர், அந்தக் கவிஞர்ர வீட்டயும் தங்கச்சிக்குத்தான் குடுத்தவங்களா?"

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "இல்லடா மகன். தங்கச்சிக்கும் இல்ல, தம்பிக்கும் இல்ல. எல்லாரையும் துரத்திப்போட்டாங்க."

"அப்ப அவர் எங்களவிடப் பாவம்," என்று சொல்லிவிட்டு அவன் உட்கார்ந்தான்.

மறுநாள் காலை டீச்சர் என்னைச் சைக்கிள் நிறுத்துகிற இடத்திலேயே பிடித்துக்கொண்டார். அவருடைய கணவர் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை. அன்று லீவில் வீட்டுக்கு வந்திருந்தார். தூங்கிக்கொண்டிருந்த மனுசனை உலுக்கி எழுப்பி, "இது உங்கட வீடா?" என்று கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னார்?"

"போர்வைக்குள்ள இருந்துகொண்டு, 'ஏன், இப்ப போகச் சொல்றியா?' எண்டு கேக்கிறார் சேர்!" டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "கலியாணம் முடிச்ச நாளில இருந்து நான் இதக் கேட்கயில்ல சேர்," என்றார். பிறகு சட்டென்று, "உங்கட வீடு எது?"

"மனிசிட வீடு," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அன்றைக்கே தலைப்பை மாற்றினார். ஆண்பிள்ளைகளுக்கு, நீங்கள் விட்டுவிட்டுப் போகப்போகிற வீட்டைப் பற்றி எழுதுங்கள். "போகப்போற ஆளுக்குத்தான்டா அது வடிவாத் தெரியும். அந்தக் கவிஞரப் பாருங்க." பையன்கள் எழுதத் தொடங்கினார்கள். எழுதினார்கள் என்றால், இடைவேளைக்கு மணியடித்த பிறகும் எழுதினார்கள். ஒருவன் என்னிடம் வந்து, 'விறாந்தை' என்ற சொல்லைக் கவிதையில் போடலாமா என்று கேட்டான். கணக்கில் ஒருநாளும் சந்தேகம் கேட்காதவன். தாராளமாகப் போடு என்றேன்.

டீச்சரின் அடுத்த யோசனை, இந்தக் கவிதைகளைத் தகப்பன்மார் வந்து கேட்க வேண்டும் என்பது. எங்கள் பள்ளிக்கூடத்துப் பெற்றார் கூட்டத்துக்குத் தாய்மார்தான் வருவார்கள். தகப்பன்மாரின் முகமே எங்களுக்குத் தெரியாது. அதிபர் தாடையைத் தடவினார். பாடத்திட்டத்தை விட்டுவிட்டுக் கவிதை நடக்கிறது என்று அவருக்கு ஏற்கெனவே புகார் போயிருந்தது.

"செய்யுங்க டீச்சர். ஆனா ஆம்புளப் புள்ளயள் மேடையில ஏறி வாசிக்கோணும். தகப்பன்மாரும் வரோணும். ரெண்டும் நடக்காட்டி, இதோட கவிதைய நிப்பாட்டிப்போட்டு வட்டிலப்பத்தப் படிப்பியுங்க."

டீச்சர் சம்மதித்துவிட்டு வந்து, "நடக்கும் சேர், நடக்கும்!" என்று என் மேசையில் தட்டினார். என் தேநீர் சிந்தியது.

எல்லாக் கவிதைகளிலும் பின்வாங்குப் பையனுடையதுதான் அவரைத் தூங்கவிடவில்லை. அது இதுதான்:

எங்கள் வீட்டில்
அம்மாவின் சேலைக்கு அலுமாரி இருக்கிறது.
தங்கச்சியின் சட்டைக்குக் கொடி இருக்கிறது.
எனக்கு ஓர் ஆணி இருக்கிறது.
அப்பாவின் சட்டை
மோட்டார் சைக்கிளில் தொங்குகிறது.
அப்பா வாசலில் நின்று செருமிவிட்டுத்தான்
உள்ளே வருகிறார்.
நான் பெரியவனானதும்
எந்த வாசலில் நின்று செருமுவேன்?

மாமியாரும் மச்சாள்மாரும் இருக்கிற வீட்டுக்குள் மருமகன் செருமிவிட்டு நுழைவது மரியாதை. நானும் செருமுகிறவன்தான். மாமியார் காலமாகிப் பல வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அந்தக் கவிதையைப் படித்த அன்று என் வாசலில் நின்று, செருமாமல் போகலாமா என்று யோசித்தேன். பிறகு செருமிவிட்டுத்தான் போனேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நிகழ்ச்சி என்று முடிவானது. அதற்கு முந்திய சனிக்கிழமை காலை எங்கள் ஒழுங்கைக்கு மீன்காரர் வந்தார். டீச்சரின் வீடும் என் மனைவியின் வீடும் ஒரே ஒழுங்கையில். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டி கட்டி, பனியனோடு வருவார். வருடக்கணக்காக அவரிடம்தான் மீன் வாங்கினோம். பெயரைக்கூட ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சட்டியோடு நின்றேன். டீச்சர் மணலை மீனுக்குக் கை நீட்டியவர், அப்படியே நிறுத்தினார். எனக்கு விளங்கிவிட்டது. வரப்போகிறது.

"அண்ணன், ஒரு நிமிசம். எங்கட வகுப்புல ஒரு பொடியன் எழுதியிருக்கான், கேளுங்க."

முழுவதையும் மனப்பாடமாகச் சொன்னார். மீன்காரரின் சட்டை கண்ணுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் கைபிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சருக்கும் படவில்லை, எனக்கும் படவில்லை. கவிதை முடிந்ததும் டீச்சர், "இதக் கேட்டா அந்தப் பொடியன்ட அப்பா என்ன சொல்லுவார், சொல்லுங்க பாப்பம்!" என்று கேட்டார்.

மீன்காரர் தராசில் இருந்த மீனோடு இன்னும் இரண்டை அள்ளிப் போட்டார். பெட்டியை மூடினார். தொண்டையைச் செருமினார். மிச்ச வீடுகளுக்குப் போகாமல் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"என்ன சேர், இவருக்குக் கவிதை பிடிக்கயில்லயா?" என்று டீச்சர் கேட்டார்.

திங்கட்கிழமை அந்தப் பையன் ஆசிரியர் அறை வாசலில் நின்றான். கண் சிவந்திருந்தது. "என்ர கவிதையத் தாங்க டீச்சர்."

"என்ன மகன், என்ன நடந்த?"

"எங்கட வீட்ட ரோட்டுல வச்சு வித்துப்போட்டீங்க டீச்சர். மீன்காரர் எங்கட அப்பா."

வீட்டில் நடந்ததையும் சொன்னான். அப்பா சனிக்கிழமை மத்தியானமே வந்து, சாப்பிடாமல் விறாந்தையில் படுத்திருக்கிறார். அம்மா துருவித் துருவிக் கேட்க, கேட்டதைச் சொல்லிவிட்டார். "என்ர வீட்டுல உங்களுக்கு என்ன குறை வச்சன்?" என்று அம்மா அழுதிருக்கிறார். யாரும் யாரோடும் கதைக்கவில்லை. இதைக் கேள்விப்பட்டு மற்றப் பையன்களும் பயந்துவிட்டார்கள். இடைவேளைக்குள் எல்லோரும் தங்கள் தாள்களைத் திருப்பிக் கேட்டார்கள். டீச்சர் ஒவ்வொன்றாகக் கொடுத்தார்.

அவனுடைய தாளைக் கொடுக்கும்போது, "இனி உன்ர வாயால சொன்னாத்தான் இது வெளிய வரும். என்ர வாயால வராது. சத்தியம்," என்றார்.

அவன் நம்பவில்லை. எனக்கும் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அந்த நாட்களில் ஆசிரியர் அறை கரண்ட் போன வீடுபோல் இருந்தது. என் வகுப்பு வாசலில் தலை தெரியவில்லை. எனக்கு மனம் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும், "வாங்க டீச்சர், போய்க் கதைப்பம்," என்று நானே கூட்டிக்கொண்டு போனேன். மீன்காரர் வாவிக்கரையில், தோணிகள் வருகிற இடத்தில் பெட்டியைக் கழுவிக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க அண்ணன். எனக்குத் தெரியாமப் போயிட்டு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மீன் நல்லா இருந்ததா டீச்சர்?"

"ஓம். நல்லா இருந்த."

"அது போதும்," என்று சொல்லிவிட்டு மறுபடி பெட்டியைக் கழுவினார். வெள்ளிக்கிழமை வருவாரா என்று கேட்க டீச்சருக்கு வாய் வரவில்லை.

ஆனால் திரும்பி வரும் வழியில், ஆட்டோக்கள் நிற்கிற சந்தியில், ஸ்கூட்டரை நிறுத்தினார். அங்கே நின்ற ஐந்தாறு பேரிடமும் போய், "எட்டாம் வகுப்புல உங்கட புள்ளயள் படிக்குதா?" என்று கேட்டார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். பையன்களின் கவிதையில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. பலஸ்தீனக் கவிஞரின் கதையைச் சொன்னார். அடுத்த நாள் நெல் ஆலைக்குப் போனார், பிறகு வயல் வட்டைப் பக்கம் போய் அறுவடை இயந்திரத்தை நிறுத்தி, வயற்காரர்களுக்கும் அதே கதையைச் சொன்னார். "வந்து கேளுங்க. வீடில்லாமப் போன ஒரு மனிசன் எழுதினது." அவருடைய குரலில் பழைய துள்ளல் திரும்பி வந்துகொண்டிருந்தது. பின்னால் என் சைக்கிளில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு போன எனக்கும் அந்தச் சுறுசுறுப்பு தொற்றிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மண்டபத்தில் தாய்மார் கதிரை நிறைய இருந்தார்கள். தகப்பன்மார் வந்தார்கள். உண்மையாகவே வந்தார்கள். ஆனால் ஒருவரும் உள்ளே வரவில்லை. படலைக்கு வெளியே, மோட்டார் சைக்கிள்களிலும் வேலியிலும் சாய்ந்துகொண்டு, ஒருவர் மாறி ஒருவர் செருமிக்கொண்டு நின்றார்கள். டீச்சர் படலைக்குப் போனார்.

"ஏன் வெளிய நிக்கிறீங்க? இது உங்கட மனிசிமார்ர வீடில்ல. உள்ள வாங்க!"

ஒரே சிரிப்பு. சிரித்த வாயோடு எல்லோரும் உள்ளே வந்து சுவரோரமாக நின்றார்கள். ஒரு நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று நான் அதிபரைப் பார்த்தேன். அவர் இரண்டாவதுக்காகக் காத்திருந்தார்.

டீச்சர் கவிஞரின் கவிதையை வாசித்தார். பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கிணற்றடியையும் பூனையையும் வாசித்தார்கள். கைதட்டல் பறந்தது. பிறகு ஆண்பிள்ளைகளைக் கூப்பிட்டார். ஒருவனும் எழும்பவில்லை. திரும்பவும் கூப்பிட்டார். பின்வாங்குப் பையன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதிபர் எழும்பி நின்றார்.

அந்தக் கவிதை டீச்சருக்கு மனப்பாடம் என்று மண்டபத்தில் பலருக்குத் தெரியும். வாயைத் திறந்தால் போதும், கூட்டம் அவர் பக்கம் வந்துவிடும். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் செய்ததிலேயே கடினமான காரியம் அதுதான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

கதவோரத்தில் யாரோ செருமினார்கள். மீன்காரர். ஸ்திரி போட்ட சட்டை அணிந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அவன் வாசிக்க மாட்டான். நான் சொல்றன்," என்றார்.

அவர் ஒரேயொரு முறை, எங்கள் ஒழுங்கையில் நின்று, தராசைப் பிடித்துக்கொண்டு கேட்ட கவிதை. அதைச் சொல்லத் தொடங்கினார். அம்மாவின் சேலைக்கு அலுமாரி. தங்கச்சியின் சட்டைக்குக் கொடி. எனக்கு ஓர் ஆணி.

"அப்பாவின் சட்டை ஆணியில் தொங்குகிறது..."

"அப்பா, அது அப்படி இல்ல!" பையன் துள்ளி எழும்பினான். "சட்டை மோட்டார் சைக்கிள்ல!"

"அது போன கிழமைடா மனே," என்றார் மீன்காரர். "இப்ப அம்மா ஆணி அடிச்சிட்டா. நீ பாக்கயில்லயா?"

முன்வரிசையில் ஒரு பெண் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பையன் தாயைப் பார்த்தான், தகப்பனைப் பார்த்தான். பிறகு மேடைக்கு ஓடினான். தாளைக்கூட எடுக்கவில்லை. முதலில் இருந்து, ஒரு வரி பிழையாமல், தன் வாயால் சொன்னான். எந்த வாசலில் நின்று செருமுவேன் என்று முடித்தபோது சுவரோரத்து மனிதர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பிறகு கைதட்டினார்கள். நானும் தட்டினேன், உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். மற்றப் பையன்கள் ஒருவனை ஒருவன் தள்ளிக்கொண்டு மேடைக்கு ஏறினார்கள். விறாந்தையைப் போட்டவன் விறாந்தையை வாசித்தான். அதிபர் எப்போது திரும்பவும் உட்கார்ந்தார் என்று நான் கவனிக்கவில்லை. டீச்சர் மேடையின் ஓரத்தில் நின்று, சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து சனம் எழும்பும்போது மீன்காரர் மகனின் தோளில் கை போட்டபடி டீச்சரிடம் வந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"டீச்சர், அந்தக் கவிஞர், கடைசியா அவர்ர வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாரா?"

"இல்ல அண்ணன். அவர விடயில்ல."

மீன்காரர் தலையாட்டினார். "நான் பிறந்த வீடு கரடியனாறுல. மோட்டார் சைக்கிள்ல ஒரு மணித்தியாலம்கூட இல்ல. அம்மா செத்த பிறகு போகயில்ல. தங்கச்சிட வீட்டுல ஆம்புளைக்கு என்ன வேலை எண்டு இருந்துட்டன். என்னய ஒருத்தரும் தடுக்கயில்ல டீச்சர். நானாத்தான் போகயில்ல."

மகனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நாளைக்கு உங்கட ஒழுங்கைக்கு மீன் வராது. நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போறம்."